பிளேன் காக்கா பெயர் கூப்பிட்டார்

புத்தளம் களப்பிலேயே பெரிய பயந்தாங்கொள்ளி யார் என்று கேட்டால், பிளேன் காக்கா என்றுதான் சொல்வேன். இத்தனைக்கும் வீரத்துக்காகப் பதக்கம் வாங்கிய மனிதர் எங்கள் பக்கத்தில் அவர் ஒருவர்தான்.

உலக யுத்தத்தில் வெள்ளைக்காரர்களின் குண்டு விமானத்தில் பறந்ததால் பிளேன், எங்களுக்கு அண்ணன் முறை என்பதால் காக்கா. யுத்தம் முடிந்ததும், களப்புத் தண்ணீரைக் கடந்து எங்கள் ஊரான உச்சமுனைக்கும் கற்பிட்டிக்கும் வள்ளம் ஓட்ட வந்தார். பதக்கத்தைச் சட்டையில் குத்தாமல் வள்ளத்தைத் தள்ளமாட்டார். பாய்மரம், கயிறு, தண்ணீர் இறைக்கும் சிரட்டை எல்லாவற்றையும் தொட்டுப் பார்ப்பார். பிறகு ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிடுவார். வாய்திறந்து ‘ஓம், இருக்கிறேன்’ என்று சொல்ல வேண்டும். ஒருமுறை சந்தைக்குப் போன ஆட்டுக்குக்கூடப் பெயர் வைத்துக் கூப்பிட்டார். அது கத்தும்வரை நாங்கள் வெயிலில் காய்ந்தோம்.

ஒரு மாரிக்காலக் காலையில் என் தங்கைக்கு வலி கண்டது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, கற்பிட்டி ஆசுபத்திரிக்குப் போனால்தான் இரண்டு உயிரும் தப்பும் என்றாள் மருத்துவிச்சி. கரையில் கிடந்த வள்ளத்தில் ஓலைப்பாய் விரித்துத் தங்கையைக் கிடத்தினோம். காக்காவோ பதக்கத்தைக் குத்திக்கொண்டு பாய்மரத்தைத் தடவ ஆரம்பித்தார்.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. வாயில் வந்தபடி ஏசினேன். மனிதர் அசையவில்லை. ஓலைப்பாயின் நுனியைத் தூக்கிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“அடிக்கட்டை எங்க தம்பி?”

கரையேற்றிய வள்ளத்தில் மழைத்தண்ணீர் வடிவதற்காக, அடியிலுள்ள ஓட்டையை அடைக்கும் கட்டையைக் கழற்றிவிடுவது எங்கள் வழக்கம். அன்று விடியப் பெய்த மழைக்குப் பிறகு, உதவி செய்வதாக நினைத்து அதைக் கழற்றிய புண்ணியவான் நான்தான். கட்டை என் சாரன் மடியிலேயே இருந்தது. அப்படியே தள்ளியிருந்தால் நடுக்களப்பில் எல்லோரும் போய்ச் சேர்ந்திருப்போம்.

மடியை அவிழ்த்து எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை அடித்து இறுக்கினார்.

“எனக்கு மத்த ஆக்கள விடப் பயம் கூட தம்பி. அதாலதான் எங்கட பிளேன்ல போன எல்லாரும் உசிரோட திரும்பி வந்தம். இதத் தந்ததும் அதுக்குத்தான்” என்று பதக்கத்தைத் தொட்டுக் காட்டினார்.

தாயும் பிள்ளையும் தப்பினார்கள். அல்ஹம்துலில்லாஹ் என்று இறைவனைப் புகழ்ந்தபடி ஆசுபத்திரி வாசலில் உட்கார்ந்தேன்.

பத்தாம் நாள் ஊர் திரும்பக் கற்பிட்டியில் வள்ளம் ஏறினோம். காக்கா பெயர் கூப்பிட்டார். தங்கை ஓம் என்றாள், நானும் சொன்னேன். வள்ளம் நகரவில்லை.

“இன்னும் ஒராள் இரிக்கு.”

தங்கையின் மடியில் தூங்கிய பச்சைப்பிள்ளை, என் மருமகள்; அவளுடைய பெயரைக் கேட்டறிந்து கூப்பிட்டார். அவள் கண்விழித்து வீறிட அரை மணி நேரமாயிற்று. வெயில் மண்டையைப் பிளந்தது. இந்தமுறை நான் ஏசவில்லை. அந்த மனிதர் அந்திவரை கூப்பிட்டிருந்தாலும் பேசாமல் இருந்திருப்பேன்.