ஒரே முகூர்த்தம், இரண்டு கம்ப்யூட்டர்

திருவானைக்காவல்,
வெள்ளிக்கிழமை.

மாப்பிள்ளை நவநீதன் அவர்களுக்கு, தங்கள் வருங்கால மாமனார் பிச்சை அன்புடன் எழுதிக்கொள்வது. பெங்களூரில் தங்கள் நலமும் தங்கள் பெற்றோர் நலமும் அறிய ஆவல். இங்கே என் ரத்தக்கொதிப்பைத் தவிர மற்ற அனைவரும் சௌக்கியம். போனில் பேசினால் யமுனா காதில் விழும், அவள் அம்மா காதில் விழும், அவள் அம்மா காதில் விழுந்தால் ஊர் காதில் விழுந்த மாதிரி. அதனால்தான் கடிதம்.

நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு, தங்கள் அத்தை பெயரில் கட்டிய நம் மயிலம்மாள் மகாலில் முகூர்த்தத் தேதிகளைப் பதிந்துகொள்ள ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தீர்கள். மாப்பிள்ளை கைப்பட எழுதியது என்று மண்டபத்துக் கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். குறை சொல்லக் கூடாது, மண்டபத்துக்குள் அது தங்கமாகத்தான் வேலை பார்த்தது. ஆசை யாரை விட்டது? மலைக்கோட்டைப் பக்கம் பட்டும் நகையும் எடுக்க வருகிற கல்யாண வீட்டார் அப்படியே மண்டபமும் பேசிவிட்டுப் போகட்டுமென்று அங்கே ஒரு சின்ன ஆபீஸ் பிடித்தேன். நம் மண்டபத்துக் கணக்கர் பிலோமின்ராஜை அங்கே உட்காரவைத்து, அவருக்கும் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, அதே புரோகிராமைப் போட்டேன். இங்கே பதிந்தால் அங்கே தெரியும் என்றல்லவா நினைத்தேன்! அங்கே திறந்தால் தை மாதம் முழுக்கத் துடைத்துவிட்ட மாதிரி காலி.

தங்களிடம் கேட்டதற்கு என்ன சொன்னீர்கள்? "மாமா, அது எம்பெடட் டேட்டாபேஸ். புரோகிராமுக்குள்ளேயே குடியிருக்கிற லைப்ரரி. பக்கத்துல இருக்கிற ஃபைலைத் திறக்கும், எழுதும், அவ்வளவுதான். வேற ஊர்ல இருக்கிற சர்வரைக் கூப்பிட்டுப் பேச அதுக்குத் தெரியாது." வீட்டோடு மாப்பிள்ளை என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருந்தால் எனக்கு அன்றே விளங்கியிருக்கும். அந்த வார்த்தையைத் தாங்கள் சொல்லத் தயங்கியதும் நியாயம்தான்.

அத்தோடு விட்டிருக்கலாம். கம்ப்யூட்டர் கடை ஆசீர், "ஃபைலைப் பொதுவா ஒரு இடத்துல வச்சு, நெட் வழியா ரெண்டு பேரும் திறங்க சார்" என்று யோசனை சொல்ல, நானும் தலையாட்டினேன். ஒருவர் உள்ளே இருந்தால் இன்னொருவருக்குப் பூட்டு. பிலோமின்ராஜ் போன் போட்டு, "ஐயா, நீங்க கொஞ்சம் வெளிய வாங்க, நான் உள்ள போகணும்" என்பார். பத்துப் பேருக்கு ஒரு குளியலறை இருக்கிற வீடு கெட்டது! ஒருநாள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் முட்டிக்கொண்டதில் அந்த ஃபைலே திறக்காமல் போய்விட்டது. பிறகு பென் டிரைவ். சாயங்காலம் பிலோமின்ராஜ் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறி வருவார். அவர் ஃபைலை என் ஃபைல் மேல் போட்டால் நான் பதிந்த கல்யாணங்கள் போச்சு. என்னுடையதை அவருடையதன் மேல் போட்டால் அவருடையது போச்சு. எத்தனை ஜோடியை நான் இப்படிப் பிரித்தேனோ, பெருமாளுக்கே வெளிச்சம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நேற்றுக் காலை பெட்டவாய்த்தலை வாழைக்காய் மண்டிக்காரர் மனைவியோடு வந்தார். தட்டில் வெற்றிலைபாக்கு, பழம், பத்திரிகை வைத்து நீட்டி, "பையனுக்குக் கல்யாணம். உங்க மண்டபம்தான். குடும்பத்தோட வந்துடணுங்க" என்றார். பத்திரிகையைப் பிரித்தால், தங்கள் கல்யாணத்துக்கென்று நான் பதிந்து வைத்த அதே தை முகூர்த்தம்! மலைக்கோட்டை ஆபீஸில் பதிவாம், ரசீதும் சரியாக இருக்கிறது. தாம்பூலத்தை மறுக்க முடியுமா? இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "கண்டிப்பா வரோங்க" என்று சொல்லிவிட்டேன்.

அவர்கள் பத்திரிகை குளித்தலை வரைக்கும் போய்விட்டது. நம்முடையது இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல். ஆனாலும் மாப்பிள்ளை, யமுனாவின் கல்யாணத்தை ஊரைக் கூட்டி நடத்திப் பார்க்கத்தான் இந்த மண்டபத்தையே கட்டினேன். மண்டபக்காரன் பெண்ணுக்கு மண்டபம் கிடைக்கவில்லை என்றால் ஊர் வாயை எந்த உலைமூடியால் மூடுவது? எனக்கு அழுகையே வருகிறது. ஆகவே தாங்கள் உடனே லீவு போட்டுவிட்டு வந்து, அந்த வீட்டோடு மாப்பிள்ளையைக் கழற்றி எறிந்து, ஊருக்கெல்லாம் பதில் சொல்கிற முறையான சர்வர் ஒன்றை வைக்கவும். முகூர்த்தத்தை மாசிக்குத் தள்ளத் தங்கள் தந்தையாரிடம் பக்குவமாகப் பேசவும். பழி முழுக்கத் தங்கள் புரோகிராம் மீது என்பதால் மறுக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

அகிலாண்டேஸ்வரி துணையிருப்பாள். தங்களுக்கு ஆசிகள், சம்பந்தி இருவருக்கும் என் வணக்கம்.

இப்படிக்கு,
பிச்சை

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும் நேரத்தில் யமுனா வாங்கிப் படித்துவிட்டாள். "பாவம்பா, அந்தப் புரோகிராமைத் திட்டாதீங்க. பிலோமின்ராஜ் அண்ணன் லீவு போட்ட அன்னிக்கு மலைக்கோட்டை ஆபீஸ்ல இருந்தது யாரு? நான்தான் அந்தத் தேதியைக் கொடுத்தேன். தெரிஞ்சேதான் கொடுத்தேன். இங்க பதிஞ்சது அங்க தெரியாதுன்னா யாரும் என்னைச் சந்தேகப்பட மாட்டீங்கல்ல? எங்களுக்கு வயலூர்ல முருகன் முன்னாடி தாலி கட்டினாப் போதும்" என்கிறாள். அந்த 'எங்களுக்கு'வில் தாங்களும் இருக்கிறீர்கள் என்று புரிந்துகொண்டேன். என்னிடம் நேராகச் சொல்வதற்கென்ன என்றேன். "எத்தனை தடவை சொன்னேன்? நீங்க பந்தல்காரரோட பேசிக்கிட்டே இருந்தீங்க" என்றாள். அவளிடமிருந்து கடிதத்தை வாங்கி மறுபடியும் பேனாவைத் திறந்தேன்.

எனவே மேலே எழுதிய யாவும் வாபஸ். சர்வர் வேண்டாம். தை முகூர்த்தத்துக்கு நேராக வயலூர் வந்து சேரவும். மண்டபத்தில் கல்யாணம் இல்லை என்பதை மட்டும் தங்கள் அத்தை மயிலம்மாளிடம் தாங்களே பெங்களூரிலிருந்து போனில் சொல்லிவிடவும். பக்கத்தில் நின்று சொல்ல எங்கள் இருவருக்கும் தைரியமில்லை.