பைக்குள் இருந்த குடை

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய அண்ணிக்கு,

வணக்கம். அங்கே உங்கள் அம்மாவின் கால் எலும்பு நல்லபடியாகச் சேர்ந்து வருகிறது என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அண்ணன் நலம். நான் பயந்துபோய் இருக்கிறேன்.

போனில் சொல்லலாமே என்பீர்கள். பேசினால் அண்ணன் காதில் விழும். எழுதினால் விழாது. மேசையில் விரித்து வைத்துவிட்டுப் போனாலும் அவர் படிக்கமாட்டார். அவர் கடைசியாகப் படிக்க எடுத்தது நீங்கள் வாங்கிய குக்கரோடு வந்த விளக்கத் தாள். அதிலும் மூடியைத் திறக்கும் இடம் வருவதற்குள் தூங்கிவிட்டார். இந்த வீட்டில் ஒரு ரகசியத்தை வைக்கக் காகிதத்தைவிடப் பத்திரமான இடம் கிடையாது.

அண்ணி, நீங்கள் கிளம்பிப் போன அன்றே எனக்கு உறைத்திருக்க வேண்டும். இத்தனை வருடமாக உங்கள் வாயிலிருந்து சினிமாப் பாட்டுக்கு வரி எடுத்துக்கொண்டிருந்த மனிதர் இனி யார் வாயிலிருந்து எடுப்பார் என்று யோசித்திருக்க வேண்டும். சண்டை போட்ட மறுநாள் நீங்கள் "நான் கதவைத்தான் சாத்துனேன், தாழ்ப்பாள் போடலையே" என்று சொன்னது பாட்டாகி ஊரெல்லாம் முணுமுணுத்தபோது, எங்கள் பதிப்பகத்து ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, "உங்க அண்ணன் ரொம்பப் படிச்சவர்மா, இல்லன்னா இப்படி ஒரு வரி வராது, வீட்ல பெரிய நூலகமே இருக்கும்ல" என்றார். இருக்கிறது என்றேன். பொய்யில்லை, அது என்னுடைய நூலகம். அதிலுள்ள பெரிய அகராதி அண்ணனுக்கும் உதவுகிறது. ஜன்னல் அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்திருக்கிறார்.

அவர் வேலை செய்யும் விதம் உங்களுக்குத் தெரியும். இசையமைப்பாளர் அனுப்பிய மெட்டு தன்னன்னா என்று வாயில் ஓடிக்கொண்டே இருக்கும், அதோடு எழுந்து போய் பல் மருத்துவமனையில் பல்வலி இல்லாமலே வரிசையில் உட்காருவார், அல்லது முனையிலுள்ள இஸ்திரிக் கடையில் ஒரு சட்டையை வைத்துக்கொண்டு அரை நாள் நிற்பார். யார் என்ன கதை சொன்னாலும் 'அப்புறம்?' என்று கேட்கமாட்டார். "அப்போ உங்க கை எங்க இருந்துச்சு?" என்பார். இஸ்திரிக்காரர் தன் மகள் வெளியூர் வேலைக்குக் கிளம்பிய கதையைச் சொல்லும்போதும் அதையேதான் கேட்டார். "அவ பெட்டி மேல. தூக்கிக் குடுக்கிற மாதிரி போய், அமுக்கிப் புடிச்சிட்டு நின்னுட்டேன்" என்றாராம் அவர். அந்தப் பாட்டைக் கேட்டு நீங்களும் நானும் அழுதோம். அழுதபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

எங்கள் அலுவலகத்தில் அட்டைப்படம் வரைகிற ஒருவர் இருக்கிறார். மெய்ப்புத் திருத்துகிற நாங்கள் அவரை முன்னட்டை என்போம். போன வாரம் மழையில் பேருந்து நிறுத்தம் வரை அவருடைய குடையில் வந்தேன். அவ்வளவுதான், அண்ணி. வீட்டுக்கு வந்தால் அண்ணன் மிக்சியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். தலையை நிமிர்த்தவே இல்லை.

"இந்த மழையில நனையாம வந்திருக்க?"

"ஆபீஸ்ல ஒருத்தர் குடையில வந்தேன்."

"அவரு?"

"அவருக்கு ஒரு தோள் நனைஞ்சிடுச்சு."

"அப்போ உன் கை எங்க இருந்துச்சு பாப்பா?"

களைப்பில் இருந்தேன். காபிக்காகக் காத்திருந்தேன். என்னை அறியாமல் வந்துவிட்டது. "பைக்குள்ள. என் குடையைப் புடிச்சிட்டு."

ஸ்க்ரூ டிரைவர் நின்றது. அண்ணன் மிக்சியைக்கூட மூடவில்லை, தன்னன்னா என்று தொடங்கிவிட்டார். மறுநாள் காலை பல் துலக்கிக்கொண்டே பாடுகிறார்:

உன் ஒற்றைத் தோள் நனைய
என் பைக்குள் ஒரு குடை
அது வாய் திறக்காமல்
பிடித்து நடந்தேன்

அண்ணி, என்னிடமும் ஒரு குடை இருந்தது என்று அந்த மனிதருக்குத் தெரியாது. உலகத்தில் யாருக்கும் தெரியாது. எனக்கே அண்ணன் கேட்ட பிறகுதான் தெரிந்தது. எத்தனையோ காதல் கதைகளைப் படித்திருக்கிறேன், அவற்றில் காற்புள்ளி வைத்துத்தான் சம்பளம் வாங்குகிறேன், ஒரு கதையும் என்னிடம் கை எங்கே என்று கேட்டதில்லை.

தடுத்துப் பார்க்காமல் இல்லை. புத்தகத்திலிருந்து எடுத்தால் என்னை விட்டுவிடுவார் என்று நினைத்து நல்லதாக ஒரு கவிதைத் தொகுப்பைக் கையில் திணித்தேன். பாவம், என் முகத்துக்காக எட்டுப் பக்கம் படித்துவிட்டு, நிலவு, கடல், தாகம் என்று ஏதோ எழுதி அனுப்பினார். இசையமைப்பாளர் உடனே போன் செய்து, "என்ன சார், வீட்ல யாருக்காவது உடம்பு முடியலையா?" என்று விசாரித்தார். சரி, இனி வாயே திறக்கக்கூடாது என்று பேச்சை நிறுத்தினேன். இரண்டாம் நாளே நான் டம்ளரை வைக்கிற சத்தத்தை வைத்து ஒரு சரணம் எழுதிவிட்டார். வேறு வழியில்லாமல் நேராகவே கேட்டேன்.

"அந்தக் குடையை எடுத்துடுண்ணா."

"எடுத்துட்டு என்னத்த வைக்க?"

"கைக்குட்டை வை."

பாடிப் பார்த்தார். "கைக்குட்டைக்குள்ள ரெண்டு பேரு ஒதுங்க முடியாதே பாப்பா. ஏன், யாரோ ஒருத்தி குடைன்னு நினைச்சிட்டுப் போறாங்க. ஊர்ல எத்தனை குடை இருக்கு."

"எத்தனை இருந்தாலும், விரிக்காம விட்டது நான் ஒருத்திதான்."

"இதுகூட நல்லாருக்கே" என்று அவர் உதடு அசைய ஆரம்பித்தது. ஓடிப்போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். நான் தாழ்ப்பாளும் போட்டேன், அண்ணி.

பாட்டு வெள்ளிக்கிழமை வெளிவருகிறது. எங்கள் அலுவலகத்தில் பைண்டிங் பகுதி ரேடியோ நாள் முழுக்கப் பாடும். முன்னட்டையின் மேசைக்கும் அதற்கும் நடுவே ஒரு தட்டிதான். பென்சிலைக் கீழே வைப்பார். நனைந்த தோளை நினைப்பார். மெல்லத் திரும்பி என் பையைப் பார்ப்பார். ஒரு மனிதரை நனையவிட்டு வேடிக்கை பார்த்தவள் என்று நினைத்தால் என்ன செய்வேன்? அப்படி நினைக்காமல், ஏன் நனையவிட்டேன் என்று சரியாகப் புரிந்துகொண்டால் அதைவிடப் பயம். யாராவது ஜிப்பை இழுத்தாலே தூக்கிவாரிப் போடுகிறது. நேற்று ஒரு முன்னுரை முழுவதையும் திருத்தி முடித்த பிறகுதான் அது ஏற்கெனவே அச்சாகி வந்த புத்தகம் என்று கவனித்தேன்.

ஆகவே, கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அண்ணன் பாட்டை நிறுத்திவிடுவார். இல்லையென்றால் உங்கள் அம்மாவையும் அழைத்துக்கொண்டு உடனே இங்கே வந்துவிடுங்கள். நீங்கள் இருவரும் பேசினால் அவர் என் பக்கம் திரும்பமாட்டார்.

அம்மாவுக்கு என் வணக்கம். அவர் காலும் உங்கள் கண்டிப்பும் ஒருசேர உறுதியாக வேண்டும்.

நடுக்கத்துடன்,
உங்கள் நாத்தனார்

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப் போனேன். போடவில்லை. பைக்குள்ளேயே பிடித்துக்கொண்டு திரிந்தேன், அதற்குள் வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது. ரேடியோ பாடியது. முன்னட்டை ஒரு அட்டையைக் காட்டுகிற சாக்கில் என் மேசைக்கு வந்து நின்றார். "பாட்டு கேட்டேன்" என்றார். நான் ஒரு காற்புள்ளியை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். "சாயங்காலம் மழை வருமாம்" என்றார். ம் என்றேன். "உங்க குடையை இங்கயே வெச்சிட்டு வாங்க" என்றார்.

எனவே மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். அண்ணனிடம் ஒரு வார்த்தையும் சொல்லாதீர்கள், பாட்டு நன்றாகத்தான் இருக்கிறது. அம்மாவின் கால் நிதானமாகக் குணமாகட்டும், உங்களுக்கு அவசரமே இல்லை.

மாலையில் கதவைத் திறந்த அண்ணன் என் ஒரு தோள் நனைந்திருப்பதைப் பார்த்தார். "இன்னைக்கு கை எங்க இருந்துச்சு பாப்பா?" என்றார். சொல்லவில்லை. இங்கேயும் எழுதப்போவதில்லை. அண்ணன் படிக்கமாட்டார், நீங்கள் படித்துவிடுவீர்கள்.