இன்னொரு குளிர்காலம் தாங்கும்

தாங்கும்காரர் என்று ஓர் இனம் உண்டு. பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள், ஆளைப் பார்த்திருப்பீர்கள். இங்கிலாந்தின் கடலோர ஊரான கிரிம்ஸ்பியில் எங்கள் தெருவில் மட்டும் நாலைந்து பேர் தேறுவார்கள். ஜன்னலின் இரண்டு கண்ணாடிக்கு நடுவே தண்ணீர் குளம் கட்டி நிற்கும், பிடி கையோடு கழன்று வரும், கடல் காற்று திரைச்சீலையை நாள் முழுக்க ஊஞ்சலாட்டும். இவர் மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, தலையைச் சற்றே சாய்த்து, வைத்தியர் நாக்கைப் பார்ப்பதுபோல ஜன்னலைப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வார்: இன்னொரு குளிர்காலம் தாங்கும். எந்தக் குளிர்காலம்? அதை மட்டும் கேட்கக் கூடாது.

இந்த இனத்தின் சகல லட்சணமும் பொருந்திய ஒருவரைக் காட்டு என்றால் என் எதிர்வீட்டு நெவில் ப்ளென்கினைத்தான் காட்டுவேன். மீன் குளிர்பதனக் கிடங்கில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுள் முழுக்கக் குளிரை உள்ளே பூட்டி வைக்கிற வேலை பார்த்த மனிதருக்கு, சொந்த வீட்டில் அதை வெளியே நிறுத்தத் தெரியாமல் போனது எப்படி? அவர் மனைவி லொரேனும் இதைக் கேட்டார். ஒரே ஒருமுறை. அப்புறம் கேட்பதை விட்டுவிட்டு ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்துவிட்டார்.

இரட்டைக் கண்ணாடி ஜன்னல் ஒன்றும் தேவரகசியமில்லை. இரண்டு கண்ணாடி, நடுவே ஈரமில்லாத காற்று, சுற்றிலும் அடைப்பு. அடைப்பு விட்டுப்போனால் ஈரம் உள்ளே புகும். புகுந்தால் கண்ணாடி மங்கும். மங்கினால் மாற்ற வேண்டும். சின்னப் பிள்ளைக்குக்கூட விளங்கும். நெவிலின் வரவேற்பறை ஜன்னல் மங்கத் தொடங்கியபோது அவர் முதலில் உள்பக்கம் துடைத்தார். பிறகு ஏணி போட்டு வெளிப்பக்கம் துடைத்தார். இரண்டு பக்கமும் பளிச்சென்று இருந்ததால், குறை ஜன்னலில் இல்லை, தெருவில்தான் என்று முடிவுகட்டினார். “வெளிய ஒரே மூட்டமா இருக்கு கண்ணு” என்று லொரேனிடம் சொல்லுவார். அந்தச் சமயம் நான் என் வாசலில் கண் கூச வெயில் காய்ந்துகொண்டிருப்பேன்.

விற்ற கம்பெனிக்காரர்கள் ஆயுள் முழுக்க உத்தரவாதம் என்று சொல்லித்தான் விற்றார்களாம். யாருடைய ஆயுள் என்று நெவில் கேட்டுக்கொள்ளவில்லை. கம்பெனியின் ஆயுள் என்று பிற்பாடு தெரிந்தது.

மாற்றுவதற்கு அவர் விரோதி என்று நினைத்துவிடாதீர்கள். காலம் கனிய வேண்டும், அவ்வளவுதான். குளிர்காலத்தில் கேட்டால், இந்தக் குளிரில் எவனாவது ஜன்னலைக் கழற்றுவானா, வீடே விறைத்துப்போகாதா என்பார். கோடையில் கேட்டால், இந்த வெயிலில் ஜன்னலுக்கு என்ன கேடு வந்தது, நன்றாகத்தானே இருக்கிறது என்பார். வசந்தத்தில் தோட்ட வேலை தலைக்கு மேல் கிடக்கும். இலையுதிர்காலத்திலோ, இனிமேல் என்ன, இதோ குளிர் வந்துவிட்டதே. இப்படி வருஷம் முழுவதையும் ஒரு நாள் விடாமல் அடைத்துவிட்ட மனிதரால் ஜன்னல் ஓரத்து இடுக்கை அடைக்க முடியவில்லை.

பரிசோதனை மட்டும் தவறாது. அக்டோபர் கடைசி ஞாயிறு, குளிர்கால நேரக் கணக்குக்காக, எல்லோரும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவோம். நெவில் அதைத் தள்ளிய கையோடு பிறந்தநாள் கேக்கில் மிஞ்சிய மெழுகுவத்தி ஒன்றைக் கொளுத்திக்கொண்டு ஜன்னல் ஜன்னலாகப் போவார். காற்று வருகிற இடத்தில் சுடர் சாய்ந்து கும்பிடு போடும். உடனே மெழுகுவத்தியைக் கொஞ்சம் தள்ளிப் பிடிப்பார். அங்கேயும் சாயும். இன்னும் கொஞ்சம் தள்ளுவார். கடைசியில் அறைக்கு நடுவே, ஜன்னலுக்கும் தனக்கும் ஒரு சோபா இடைவெளி இருக்கும்போது, சுடர் நிமிர்ந்து நிற்கும். “பாத்தியா, அசையல” என்பார். லொரேன் பார்ப்பார். பின்னலில் ஒரு கண்ணிகூடத் தவறாது.

வாசலுக்கு ஜன்னல் விற்க வருகிறவர்களை நாங்கள் எல்லாரும் கதவோடு அனுப்பிவிடுவோம். நெவில் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து டீயும் பிஸ்கட்டும் கொடுப்பார். அவருக்கு அது பொழுதுபோக்கு. வந்தவர் மங்கலைக் காட்டி, ஓதத்தைக் காட்டி, பிடியில்லாத ஜன்னலைக் குறட்டால் திறப்பதைக் கண்டு அதிர்ந்து, இதைப் போன வருஷமே மாற்றியிருக்க வேண்டும் ஐயா என்று முடிக்கும்போது, நெவில் கூட உட்கார்ந்திருக்கும் எங்களைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவார். மாற்றச் சொல்கிறவன் யார்? விற்க வந்தவன். விற்க வந்தவன் உண்மை சொல்வானா? மாட்டான். ஆகவே ஜன்னல் நன்றாக இருக்கிறது. வாதத்தில் ஓட்டை இருக்கிறதா, பாருங்கள்! வந்தவர் கடைசிவரை கோட்டைக் கழற்றவே இல்லை என்பதை லொரேன் மட்டும் கவனிப்பார்.

அவரை மட்டும் குற்றம் சொல்லியும் பயனில்லை. எங்கள் ஊரில், அடுத்தவர் வீட்டில் உட்கார்ந்துகொண்டு குளிருகிறது என்று சொல்வது, நீ சமைத்ததை நாய்கூடத் தின்னாது என்று சொல்வதற்குச் சமம். பல் கிட்டித்துப்போனாலும் சொல்ல மாட்டோம். “நல்லா ஃப்ரெஷ்ஷா இருக்கு” என்போம். நெவில் அதைப் பாராட்டாக வாங்கிக்கொண்டு, வீடு என்றால் மூச்சு விட வேண்டும் என்று விளக்குவார். அந்த வீட்டுக்கு இருந்தது மூச்சில்லை, இரைப்பு. போகிற விருந்தாளிகள் ஜன்னலுக்குத் தூரமான நாற்காலிக்கு நாசூக்காக முண்டியடிப்போம். லொரேனின் சகோதரி பாத்திரம் கழுவித் தருகிறேன் என்று சமையலறை வெந்நீரில் கை விட்டால், எல்லாப் பாத்திரமும் இரண்டு தடவை கழுவப்படும் வரை வெளியே வர மாட்டார்.

இப்படியே இன்னும் பல குளிர்காலம் ஓடியிருக்கும். ஜெம்மாவுக்குக் குழந்தை பிறந்தது. ஜெம்மா அவர்களின் ஒரே மகள். வெகுநாள் தவம் கிடந்து பெற்ற பிள்ளை, ஆல்ஃபி. பேரனின் முதல் கிறிஸ்துமஸுக்கு லொரேன் கோடையிலேயே தயாராகிவிட்டார். பரிசு போட்டு வைக்க, அவன் பெயர் போட்ட சிவப்புக் காலுறை கூடத்துக் கணப்படுப்பு மாடத்தில் ஆகஸ்டிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. அக்டோபரில் ஜெம்மா தொலைபேசியில் பேசினாள். இந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு நாட்டிங்ஹாமில் மாமியார் வீட்டுக்குப் போகிறோம், அதுதான் நெடுஞ்சாலைக்குப் பக்கம், குழந்தையோடு சுலபம் என்றாள். லொரேன் ரொம்ப நல்லது என்று சொல்லி வைத்துவிட்டு, அன்றைக்கு முழுக்கப் பின்னல் ஊசியைத் தொடவில்லை. அதைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

நெவிலுக்கும் மனசு கேட்கவில்லை. கல் நெஞ்சுக்காரர் இல்லை அவர். வீட்டை இன்னும் கொஞ்சம் கதகதப்பாக்கினால் பெண் மனசு மாறுவாள் என்று அவருக்கே தோன்றியது. ஜன்னலை மாற்றினாரா? தாங்கும்காரரிடம் போய் இதைக் கேட்கிறீர்களே! சிலிக்கான் பசைக் குழாய்களை வாங்கி வந்து, ஏணி போட்டு, சனி ஞாயிறு முழுக்க வீட்டைச் சுற்றி வந்து கண்ணில் பட்ட இடுக்கையெல்லாம் பூசி அடைத்தார். ஜன்னல் சட்டத்தின் அடியில், வெளிப்பக்கம், சின்னச் சின்னப் பிளவுகள் விட்டிருப்பார்கள். சட்டத்துக்குள் இறங்கும் மழைத்தண்ணீர் வடிந்து வெளியே போவதற்கு. காற்று இத்தனை நாளும் இதன் வழியாகத்தான் வந்திருக்கிறது, செய்தவன் சோம்பேறி, பாதியில் விட்டுவிட்டான் என்று நெவில் கண்டுபிடித்தார். ஒன்று விடாமல் அடைத்தார். நவம்பர் முழுக்க எங்கள் ஊரில் மழை எப்படிப் பெய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஜெம்மா ஒரு ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குக் கணவனோடும் குழந்தையோடும் வந்தாள். சாப்பாடு முடிந்து குழந்தையைப் பார்க்க நானும் போயிருந்தேன், கோட்டோடுதான். நெவிலுக்குத் தலைகால் புரியவில்லை. காற்று நின்றுவிட்டது, வீட்டிலேயே கதகதப்பான இடம் இனிமேல் இதுதான் என்று சொல்லிக் குழந்தையின் கூடைத் தொட்டிலை ஜன்னலுக்கு நேர் கீழே கொண்டுபோய் வைத்தார். பிள்ளையைக் கொடு என்று லொரேனிடம் கை நீட்டினார். லொரேன் ஆல்ஃபியைத் தன் ஸ்வெட்டருக்குள் அணைத்துக்கொண்டு, கொஞ்சம் போகட்டும் என்றார்.

சரி, எவ்வளவு இறுக்கமாக அடைத்திருக்கிறேன் என்று ஜெம்மாவுக்குக் காட்ட வேண்டுமே! ஒருமுறை திறந்து சாத்தினால் வித்தியாசம் தெரியும் என்று குறட்டை எடுத்துத் திருகி, ஜன்னலை ஒரு தள்ளுத் தள்ளினார். வடிய வழியில்லாமல் சட்டத்துக்குள் தேங்கிக் கிடந்த நவம்பர் மழை மொத்தமும், வெளியிலிருந்து அடித்த காற்றோடு சேர்ந்து, உள்பக்கமாகக் கவிழ்ந்தது. தொட்டில், மெத்தை, லொரேன் பின்னிய போர்வை, எல்லாம் சொட்டச் சொட்ட நனைந்தன.

“பரவாயில்லப்பா, போர்வைதானே, காஞ்சிடும்” என்றாள் ஜெம்மா. மருமகன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான்கூட, நல்ல மழைதான் இந்த வருஷம் என்று ஏதோ உளறினேன்.

லொரேன் மட்டும் உளறவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை.

“நெவில், அவ நாட்டிங்ஹாம் போறது ரோட்டுக்காக இல்ல. இங்க குளிருது. பச்சப் புள்ளைய இங்க படுக்கவைக்க அவளுக்குப் பயம். எனக்கும் குளிருது, எத்தனையோ வருஷமா. உன் மனசு நோகுமேன்னு எல்லாரும் வாயப் பொத்திக்கிட்டிருந்தோம். தாங்குனது உன் ஜன்னல் இல்ல, நாங்கதான். கிறிஸ்துமஸுக்கு நானும் இவங்க கூடப் போறேன். நீ உன் ஜன்னலுக்குத் துணையா இரு.”

நெவில் கையில் குறட்டோடு அப்படியே நின்றார். மகளைப் பார்த்தார், மருமகனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?” என்றார்.

“சொன்னோமேப்பா” என்றாள் ஜெம்மா. “ஃப்ரெஷ்ஷா இருக்குன்னு.”

மறுநாள் காலையில் அவரே கடைக்குப் போய்ப் புது ஜன்னலுக்குச் சொல்லிவிட்டு வந்தார். டிசம்பரில், எவனாவது கழற்றுவானா என்று அவர் கேட்ட அதே குளிரில், ஆட்கள் வந்து கழற்றினார்கள். சுவரில் ஓட்டை ஓட்டையாகத் திறந்து கிடந்த வீட்டுக்குள் லொரேன் இரண்டு கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு அவர்களுக்கு டீ கொடுத்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததேயில்லை. கிறிஸ்துமஸுக்கு நாட்டிங்ஹாம் சம்பந்திகளும் இங்கேயே வந்தார்கள். வந்தவர்கள் வாசலிலேயே கோட்டைக் கழற்றி மாட்டினார்கள். ஆல்ஃபி ஜன்னல் ஓரத்தில் ஒற்றைச் சட்டையோடு காலைப் பரப்பிக்கொண்டு தூங்கினான். லொரேன் பக்கத்தில் உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தெரு இவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதே மறந்துபோச்சு என்றாராம். நெவிலுக்கு ரொம்ப வெட்கமாக இருந்திருக்கிறது. இரண்டு வாரம் இருந்தது.

இப்போது அவரைப் பார்க்க வேண்டும்! தெருவில் நடக்கும்போது வீடு வீடாக நின்று, இடுப்பில் கை வைத்து, தலையைச் சாய்த்து, அடுத்தவர் கண்ணாடியைப் பார்த்து உச்சுக் கொட்டுகிறார். “எப்ப மாத்தணும்னு ஒரு மனுஷனுக்குத் தெரிய வேணாமாப்பா?” என்று என்னிடமே கேட்கிறார். எனக்கும் பதில் தெரியும். கண்ணாடியைப் பார்த்துக் கண்டுபிடிக்கிற காரியமில்லை இது. கூடத்தில் யார் எங்கே உட்காருகிறார்கள், யார் எதைப் போர்த்திக்கொண்டிருக்கிறார்கள், யார் சீக்கிரம் கிளம்புகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

நீங்கள் சிரித்திருப்பீர்கள். எங்கள் ஊரில் குளிரே கிடையாது, இது எனக்கு எதற்கு என்றும் நினைத்திருப்பீர்கள். இருக்கட்டும். கதவோ, மின்விசிறியோ, உங்கள் குறட்டையோ, தினமும் சொல்கிற அந்த ஒரே பழைய கதையோ, உங்கள் வீட்டில் யாருக்கும் ஒரு குறையும் கிடையாது என்றுதானே சொல்கிறீர்கள்? நல்லது. இன்றைக்குச் சாப்பிட உட்காரும்போது சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டுப் பாருங்கள். பதில் சொல்வதற்கு முன்னால் அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள் என்றால், நெவில் உங்களுக்கு உறவுக்காரர்தான்.