ஃபுல் இன்சூரன்ஸும் அரைகுறை மராத்தியும்

என் உடம்பில் உயிர் இருக்கும்வரை சரசா கைக்குக் கார் சாவி போகாது. நிக்டியில் பழைய மாருதி ஒன்றை வாங்கிய அன்றே எடுத்த சபதம். சரசா என் மனைவி, ஸ்கூல் டீச்சர். லைசென்ஸ் வைத்திருக்கிறாள். அதுதான் பிரச்சினையே.

அவள் இந்த ஊரிலேயே, கட்கியில் பிறந்து வளர்ந்தவள். மராத்தி அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. ஆம்பூரிலிருந்து வந்த நான் இன்னும் கண்டக்டரிடம் விரலைக் காட்டித்தான் டிக்கெட் வாங்குகிறேன்.

"ஸ்கூலுக்கு நானே ஓட்டிட்டுப் போறேங்க. பஸ்ல நின்னு நின்னு கால் வீங்குது."

"போலாம். ஆனா நம்ம இன்சூரன்ஸ் தர்ட் பார்ட்டி."

"அப்படின்னா?"

"நீ எவன் வண்டியையாவது இடிச்சா, அவனுக்குக் காசு வரும். நம்ம வண்டி நசுங்கினா நாமதான் அழணும்."

"நமக்கும் வர்ற மாதிரி ஒண்ணு கிடையாதா?"

"இருக்கு. ஃபுல் இன்சூரன்ஸ். தப்பு நம்மதா இருந்தாலும் நம்ம வண்டிக்குக் குடுப்பான். அவ்வளவு காசுக்கு நான் எங்க போறது?"

நான் போட்டிருந்தது ஃபுல் இன்சூரன்ஸ்தான். இதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

ஆடி மாத மழையில் ரிவர்ஸ் எடுத்தேன். கேட் பில்லர் நகரவில்லை. வண்டியின் பின்பக்கம் அப்பளமாகிவிட்டது.

"இப்ப யாருங்க அழறது?" என்றாள் சரசா.

அவள் ஸ்கூலில் இருக்கும் நேரமாகப் பார்த்து, சேதத்தை மதிப்பிடும் சர்வேயரை மத்தியானம் வரச் சொன்னேன். பாவி மனுஷன் சாயங்காலம் வந்தார். கதவைத் திறந்தவள் சரசா.

"தர்ட் பார்ட்டிக்கு எதுக்குங்க சர்வேயர்?"

"அது... ஃபுல்லுதான்."

அவள் சிரித்தாள். அவள் சிரித்து எனக்கு நல்லது நடந்ததாகச் சரித்திரமே இல்லை.

சர்வேயருக்கு இங்கிலீஷ் தெரியும். ஆனால் இவள் மராத்தியில் வாய் திறந்ததும் அவர் என்னை மறந்தே போனார். ஒரு தடவை மட்டும் என் பக்கம் திரும்பி, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "பாவுசாமுளே உஷீர் ஜாலா" என்றார்.

"என்னவாம்?"

"இடிச்ச ஆளு இனிமே ஸ்டியரிங்கைத் தொட்டா க்ளெய்ம் கிடையாதாம்."

"இப்படி ஒரு சட்டமா?"

"வீட்டுல வேற யாருக்காவது லைசென்ஸ் இருந்தா பரவாயில்லையாம்."

நான் இங்கிலீஷில் வாயெடுத்தேன். "வாதாடாதீங்க, கேஸைக் கெடுத்துடுவீங்க" என்று அடக்கினாள். சாவியை நீட்டினேன்.

க்ளெய்ம் வந்தது. வண்டி வந்தது. சாவி வரவில்லை. இப்போது பஸ்ஸில் நின்று நின்று என் கால் வீங்குகிறது.

ஒருநாள் பஸ்ஸில் பக்கத்தில் தொங்கிக்கொண்டு வந்த தங்கராஜைக் கேட்டேன். இங்கே ஹடப்சரிலேயே பிறந்த தமிழ்ப் பையன், மராத்தி அத்துபடி.

"தம்பி, பாவுசாமுளே உஷீர் ஜாலான்னா க்ளெய்ம் கிடையாதுன்னுதானே அர்த்தம்?"

"யாருண்ணே சொன்னது? 'மழையால லேட்டாயிடுச்சு'ன்னு அர்த்தம்."

ரத்தம் கொதித்தது. மறுநாள் காலை கேட் பக்கத்தில் வண்டியை மறித்தேன்.

"அன்னிக்கு அந்த ஆளு மழையைப் பத்திதான் பேசினாராமே?"

"ஆமாங்க. நல்ல மழை அன்னிக்கு."

"மரியாதையா சாவியைக் குடு."

"இந்த மாசம் முச்சூடும் பசங்களுக்குப் பரீட்சை, எனக்கு நேரமாகுது. பின்னாடி பில்லர் இருக்கா பாருங்க."

பார்த்தேன். "வா... வா... இன்னும் வரலாம்" என்று நானே கை காட்டி அனுப்பிவைத்தேன்.