தோவா அத்தை இல்லாமல் சுருட்டிய நெம்

ஹாய்ஃபோங்

மதிப்பிற்குரிய தோவா அத்தைக்கு,

குயென் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். தாத்தாவின் திவசத்தன்று நடந்ததை ஒன்று விடாமல், உண்மையாகவே பதிவு செய்யப்போகிறேன். அப்பாவின் மகள் என்பதற்காக எதையும் மறைக்க மாட்டேன்.

போன வருடம் அப்பா கறியும் சேமியாவும் வைத்து அரிசித்தாளில் சுருட்டிப் பொரித்த நெம்மை உறவினர் முன்னால் நீங்கள் கிழிந்த காலுறை என்றதும், இனி அக்கா தயவே வேண்டாம் என்று அவர் சூளுரைத்ததும், தம்பி வாய் திறந்து கூப்பிடும்வரை இந்த வாசலை மிதிப்பதில்லை என்று நீங்கள் கிளம்பியதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்தச் சூளுரையின் பலனைக் கேளுங்கள். கேரட் துருவலைத் தண்ணீர் போகப் பிழியச் சொன்னால் அதெல்லாம் பெண்களின் மூடநம்பிக்கை என்றார், படைக்கும் முன் ருசி பார்க்கக் கூடாதல்லவா, அதனால் உப்பு போதாதோ என்று கறிக்கலவையில் அவர் மீன் சாறு ஊற்றினார், அவருக்குத் தெரியாமல் அம்மா ஊற்றினார், பிறகு, உண்மை என்று வாக்களித்துவிட்டதால் சொல்கிறேன், நானும் ஊற்றினேன், அரிசித்தாள் கட்டு ஐந்தையும் அப்பா அழுக்குத் துணிபோல ஒரே வாளியில் ஊறவைக்க, அவை ஒட்டிக்கொண்டு தலையணையாகிவிட்டன, அம்மா சந்தைக்கு ஓடிப் புதிதாக வாங்கி வந்தார், கடைசியில் கேரட் தண்ணீர் எண்ணெயில் படபடவென்று வெடித்து, நெம் எல்லாம் வாய் பிளந்து, கறி ஒரு பக்கமும் சேமியா ஒரு பக்கமுமாக நீந்தின.

அவற்றையே அப்பா அள்ளித் தாத்தாவுக்குப் படைத்தார். "உங்கப்பா வந்து பாத்தா, வந்த வழியே திரும்பிடுவாரு" என்றார் அம்மா.

"போனவங்களுக்கு வாசனை போதும்" என்றார் அப்பா.

ஊதுபத்தி எரிந்து முடிந்ததும் சின்னத் தாத்தா ஒன்றை வாயில் போட்டு, வெகுநேரம் மென்று, தண்ணீர் கேட்டார். பிறகு, "லுவாத், இது நெம்மா, கருவாடாடா?" என்றார். அப்பா எல்லோரும் பார்க்கப் பதினொன்றைத் தின்றார். இதற்கு வீம்பு என்பதைத் தவிர வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே அத்தை, அடுத்த வருடமும் நீங்கள் வர வேண்டாம். அவருக்கு இன்னும் உறைக்கவில்லை.

மாமாவுக்கு வணக்கம். உங்கள் பூனைக்கு என் அன்பு. முன்னோர் உங்கள் முழங்காலைக் காக்கட்டும்.

பணிவுள்ள,
குயென், ஏழாம் வகுப்பு

பி.கு.: இதை அப்பா படித்துவிட்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கே. அந்த 'வர வேண்டாம்'ங்கிறத மட்டும் அடிச்சிட்டு, அக்காவ வரச் சொல்லு. நான் கூப்பிட்டேன்னே எழுது" என்றார். முகம் எப்படி இருந்தது என்பதையும் பதிவு செய்யலாம் என்று நிமிர்ந்தேன். அதற்குள் விளக்கை அணைத்துவிட்டார்.