முறம் கேட்ட ராஜம்மா அக்காவும் பெட்டிக்குள் நின்ற நானும்

என்னால் ஓர் இடத்தில் சும்மா நிற்க முடியாது. பள்ளிக்கூடத்தில் இறைவணக்கம் தொடங்கும்போது வரிசையில் முதல் ஆளாக நிற்பேன். முடியும்போது கடைசியில் இருப்பேன். சேலத்தில் கல்லூரியில் படித்தபோது, பஸ் வரும்வரை நிற்கப் பொறுக்காமல் அடுத்த நிறுத்தத்துக்கு நடக்கத் தொடங்கி, நடுவழியில் பஸ்ஸைத் தவறவிட்ட நாட்கள் ஏராளம். புகைப்படங்களில் எனக்கு முகமே கிடையாது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ கலங்கலாக ஓடும் (கல்யாண ஆல்பத்திலும் அதே கதிதான்). இப்பேர்ப்பட்ட நான் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை சிலை மாதிரி நின்றிருக்கிறேன். அந்த வெட்கக்கேட்டைத்தான் சொல்லப் போகிறேன்.

ஏற்காட்டு மலையில் நாகலூருக்கு அப்பால், காப்பித் தோட்டங்களுக்கு நடுவே எங்கள் ஊர். அங்கே எங்கள் மலை மக்களுக்கென்று ஒரு பண்பாட்டு மையம் கட்டித் தந்திருந்தார்கள். படிப்பை முடித்து ஊர் திரும்பியிருந்த என்னை அதற்குப் பொறுப்பாளராகப் போட்டார்கள். சாயந்தரம் பிள்ளைகள் அங்கே வந்து வீட்டுப்பாடம் எழுதுவார்கள். சாதிச் சான்றிதழுக்கு யாருக்காவது மனு போட வேண்டுமென்றால் நான் போட்டுக் கொடுப்பேன். ஏற்றப் பாட்டு, கல்யாணப் பாட்டு, கோயில் பாட்டு என்று யார் பாடினாலும் செல்போனில் பதிவு செய்து வைப்பேன் (பாதிப் பதிவுகளில் பாட்டைவிட என் காலடிச் சத்தம்தான் அதிகம்).

ஒருநாள் மேலிடத்திலிருந்து போன் வந்தது. எங்கள் கட்டடம் எப்போதும் பூட்டியே கிடக்கிறது, யாரும் எட்டிப் பார்ப்பதில்லை என்று யாரோ எழுதிப் போட்டுவிட்டார்களாம். அடுத்த வாரம் ஓர் அதிகாரி நேரில் வந்து பார்ப்பார். அவருக்குத் திருப்தி இல்லையென்றால், ஏற்காட்டுக்கு வரும் சுற்றுலாப் பயணிகளுக்கு மிளகும் சாக்லேட்டும் விற்கும் கடைக்குக் கட்டடத்தை விட்டுவிடுவார்கள். போனை வைத்தபின் நான் அந்த அறையை எத்தனை முறை சுற்றி வந்தேனோ தெரியாது. இந்த இடம் போனால் பிள்ளைகள் எங்கே உட்காருவார்கள், மனுவை வைத்துக்கொண்டு சனங்கள் எந்த ஆபீஸ் வாசலில் நிற்பார்கள் என்று நினைத்துக்கொண்டே சுற்றினேன். என் வேலையும் போய்விடுமே என்ற பயமும் கூடவே இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

பண்பாட்டு மையம் என்றால் பார்க்கப் பொருள்கள் வேண்டாமா? எங்களிடம் இருந்ததோ காலியான காட்சிப் பெட்டிகள். கண்ணாடிப் பெட்டிகள் என்றுதான் அவற்றுக்குப் பெயர். மரச்சட்டம் வந்து இறங்கியிருந்தது. கண்ணாடி மட்டும் இன்னும் சேலத்தில் அறுபட்டுக்கொண்டிருந்தது. அன்று சாயந்தரமே ஊர்க்கூட்டம் போட்டேன். உட்காராமல் (எங்கே உட்கார!) அங்குமிங்கும் நடந்தபடியே முழங்கினேன்.

"உங்க ஊட்டுல இருக்கற பழைய சாமானைக் கொண்டாந்து குடுங்க. இது இனி என்னோடதும் இல்ல, உங்களோடதும் இல்ல. எல்லாம் ஊர்ப் பொதுச் சாமான்!"

அந்தக் கடைசி வரிக்குக் கைதட்டல்கூட விழுந்தது. அதில்தான் என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன். எங்கள் ஊரில் பொதுச் சாமானுக்கென்று ஒரு முறை உண்டு. ஊர் கூடும் சாவடியில் இருக்கும் அண்டாவோ, ஏணியோ, சமுக்காளமோ, தேவைப்பட்டவர் எடுத்துக்கொண்டு போகலாம். யாரையும் கேட்க வேண்டியதில்லை. கேட்டால்தான் தப்பாக நினைப்பார்கள். ஒரே நிபந்தனை, திருப்பித் தரும்போது வெறும் பாத்திரமாகத் தரக்கூடாது. ஒரு கை ராகியாவது போட்டுத் தர வேண்டும். இதெல்லாம் பிறந்ததிலிருந்தே எனக்குத் தெரியும். ஆனால் மையம் வேறு, சாவடி வேறு என்று என் படித்த மூளை தனியாக ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தது.

சாமான்கள் வந்து குவிந்தன. கல்யாணச் சமையலுக்கான செப்பு அண்டா, களித்துடுப்பு, திருகைக்கல், மத்தளம், மழைக்குத் தலையில் போட்டுக்கொள்ளும் கொங்காடை, முறம். எனக்கு அதுவும் போதவில்லை. எங்கள் பழைய முறைப்படி சேலை கட்டி, கையில் முறம் பிடித்த ஒரு பெண் உருவம் நடுப்பெட்டியில் நின்றால் எப்படி இருக்கும் என்று ஓர் ஆசை. சேலத்தில் ஒரு ஜவுளிக்கடைக்காரர், விரல் உடைந்த பொம்மை ஒன்றைச் சும்மாவே கொடுத்தார். ரோஜா நிறம், நீலக் கண், உதட்டில் சிவப்புச் சாயம். அதை மடியில் சாய்த்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். கொண்டை ஊசி வளைவுகளில் அது ஒவ்வொரு முறையும் பக்கத்து சீட்டுப் பெரியவரின் தோளில் சாய்ந்தது. அந்த மனிதர் ஏற்காடு வரும்வரை என் பக்கம் திரும்பவே இல்லை.

பொம்மைக்குச் சேலை கட்டி, முறத்தைக் கையில் செருகி, 'தானியம் புடைக்கும் மலைவாழ் பெண்' என்று அட்டை எழுதி ஒட்டினேன். மூக்கும் முழியும் எந்த மலையைச் சேர்ந்தவை என்று கேட்டால் எனக்கு பதில் தெரியாது. இருந்தாலும் தூரத்திலிருந்து பார்க்க நிறைவாகத்தான் இருந்தது.

அதிகாரி வரும் நாள் காலை. பனிமூட்டத்தில் எதிரே வருகிற ஆளே தெரியவில்லை. மையத்துக்குப் போனால் கதவு திறந்து கிடக்கிறது. உள்ளே ஒரு பொருள் இல்லை! அண்டாவைக் காணோம், துடுப்பைக் காணோம், மத்தளம், கொங்காடை, எதையும் காணோம். நடுப்பெட்டியில் பொம்மையும் இல்லை. அட்டை மட்டும் ஒட்டியிருந்தது.

திருடன் என்று கத்திக்கொண்டு ஓடினேன். ராஜம்மா அக்கா வீட்டு வாசலில் என் கண்காட்சி முழுவதும் அடுப்பில் ஏறியிருந்தது. மறுநாள் அவர் மகளுக்குக் கல்யாணம். (பத்திரிகை எனக்கும் வந்திருந்தது. அதை நான் எங்கே பார்த்தேன்!)

"அக்கா, இன்னைக்கு ஆபீசர் வர்றாருக்கா!" என்றேன் மூச்சு வாங்க.

"வரட்டும் கண்ணு. அவருக்கும் சேர்த்துத்தான் சோறு ஆக்குறோம்."

"அண்டா இல்லாம நான் அவருக்கு எதைக் காட்டறது?"

"நீதானே கண்ணு பொதுச் சாமான்னு சொன்ன? பொதுச் சாமான் சும்மா கெடக்கலாமா? நாளன்னைக்கு நெறையப் போட்டுக் கொண்டாந்து வெச்சுர்றேன், போ."

"அந்தப் பொம்மையையாவது குடுத்துருங்க" என்றேன்.

"அது எனக்கு எதுக்கு? மாரிமுத்து மாமன்தான் காட்டுக்குத் தூக்கிட்டுப் போனாரு."

காடு என்றால் அவருடைய சாமைக்காடு. ஓடினேன். அங்கே பனிக்கு நடுவே, கம்பத்தில் இறுக்கிக் கட்டப்பட்டு, முறத்தோடு கம்பீரமாக நின்றுகொண்டிருந்தாள் என் மலைவாழ் பெண். பக்கத்தில் பீடியும் கையுமாக மாரிமுத்து மாமா.

"நொம்ப நல்ல பொம்மை சாமி," என்றார். "விடிஞ்சதிலிருந்து ஒரு கொரங்கு வரல. எம்பட பொண்டாட்டியே கிட்டக்க வரப் பயப்படறா."

கம்பிக் கட்டை அவிழ்க்கப் பார்த்தேன். மாமா எதைச் செய்தாலும் பேரன் காலம்வரை நிற்கும்படி செய்கிறவர், கட்டு அசையவில்லை. அதற்குள், வளைவில் ஜீப் ஹாரன் கேட்டது. சேலையை உருவி, முறத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். பின்னால் மாமா என்னவோ கத்தினார், காதில் விழவில்லை.

மையத்துக்குள் நுழைந்ததும் சேலையைப் பெட்டியின் பின்பலகையில் விரித்து மாட்டலாம் என்று நினைத்தேன். ஆணியடிக்க இரண்டு கையும் வேண்டுமே என்று, சேலையைச் சுடிதாருக்கு மேலேயே சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டு, முறத்தை இடுக்கிக்கொண்டு, பெட்டிக்குள் ஏறினேன். ஆணியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே வாசலில் பூட்ஸ் சத்தம்.

இறங்கி வந்து வணக்கம் சொல்லியிருக்கலாம். மனிதராகப் பிறந்த யாரும் அதைத்தான் செய்திருப்பார்கள். எனக்கோ, மொத்த அறையும் காலியாக இருக்க, இந்த ஒரு பெட்டியாவது நிறைந்திருக்கட்டுமே என்று தோன்றியது. முறத்தை இரு கையாலும் பிடித்தேன். மூச்சை இழுத்தேன். நின்றேன்.

அதிகாரியும் அவருடைய டிரைவரும் உள்ளே வந்தார்கள். வளைவுகளில் வயிற்றைப் புரட்டியிருக்க வேண்டும், அதிகாரியின் முகம் வெளுத்திருந்தது. காலிப் பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே என் முன்னால் வந்து நின்றார். அட்டையைச் சத்தமாகப் படித்தார்.

"இது ஒண்ணுதான் பரவாயில்லப்பா. தத்ரூபமா இருக்கு. மூஞ்சிதான் சரியா அமையல."

"ஆமாங்க சார்," என்றார் டிரைவர். "வடைச்சட்டியைத் திருட்டுக் கொடுத்தவங்க மாதிரி இருக்குதுங்க."

அந்த நேரம் பார்த்து, சாமைக்காட்டிலிருந்து என்னோடு வந்த கட்டெறும்பு ஒன்று முழங்காலைத் தாண்டி ஏறத் தொடங்கியது. பிறந்ததிலிருந்து ஆடிக்கொண்டே இருந்த என் கைகால்கள் எல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் சேர்ந்து கெஞ்சின. மூக்கு அரித்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது. அதிகாரி நகர்கிற வழியாக இல்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னும் கிட்டே குனிந்தார்.

அப்போதுதான் ராஜம்மா அக்கா வேகமாக உள்ளே வந்தார். அரிசி புடைக்க முறம் வேண்டும், நானோ அவர் வாசல் வழியாகத்தான் முறத்தோடு ஓடி வந்திருந்தேன். நேரே பெட்டிக்கு வந்து முறத்தைப் பிடித்து இழுத்தார். நான் விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்திருந்தேன். அவர் இன்னும் பலமாக இழுத்தார்.

"ஏங்கண்ணு, இங்க எதுக்கு நிக்கற? மொறத்தக் குடு, அங்க அரிசி காத்துக் கெடக்குது."

அதிகாரி ராஜம்மா அக்காவைப் பரிதாபமாகப் பார்த்தார், பொம்மையோடு பேசுகிற ஒரு பெண்ணைப் பார்ப்பதுபோல. நானும் கடைசிவரை நின்றிருப்பேன். கெடுத்தது என் வாய். சாவடிச் சாமான் கைமாறும்போது எங்கள் ஊரில் எல்லோரும் சொல்கிற வார்த்தை, என்னைக் கேட்காமலே வெளியே வந்துவிட்டது.

"சாயந்தரமே கொண்டாந்துருங்க அக்கா."

அதிகாரி போட்ட சத்தம் கொட்டச்சேடு கிராமம் வரை கேட்டதாகச் சொல்வார்கள். பின்னால் சாய்ந்தவர் டிரைவர் மேல் விழுந்தார், டிரைவர் சுவரில் விழுந்தார். விழுந்து உடைவதற்கு நல்லவேளையாக அங்கே ஒரு பொருளும் இல்லை. நான் பெட்டியிலிருந்து குதித்து, முதல் வேலையாக எறும்பைத் தட்டிவிட்டேன். வணக்கத்தை அதற்கப்புறம்தான் சொன்னேன்.

ராஜம்மா அக்கா அவரை பெஞ்சில் உட்கார வைத்து, கல்யாண வீட்டிலிருந்து கருப்பட்டிக் காப்பி வரவழைத்தார். அவர் குடிக்கிறார், நான் ஓரமாக அழுகிறேன். எல்லாம் போயிற்று, கட்டடத்தை நானே சாக்லேட் கடைக்குத் தாரை வார்த்துவிட்டேன். அந்த லட்சணத்தில், சான்றிதழ் மனுவோடு ஓர் அம்மா வந்து, "அழுவறதை அப்புறம் அழுவலாங்க, இதைச் சித்தப் பாத்துக் குடுங்க" என்று நீட்டினார். மூக்கைச் சிந்திக்கொண்டே பார்த்துக் கொடுத்தேன். ஒருவர் சமுக்காளம் கேட்டு வந்தார். இரண்டு பெண்கள், நாளை பாட வேண்டிய பாட்டில் ஓர் அடி மறந்துவிட்டது என்று என் செல்போனை வாங்கிக் கேட்டு, அங்கேயே பாடிப் பார்த்துவிட்டுப் போனார்கள். கடைசியாக மாரிமுத்து மாமா, பொம்மையைக் கம்பத்தோடு தோளில் சுமந்து வந்து நின்றார். அதன் மேல் கொங்காடை போர்த்தியிருந்தது.

"துணிய உருவிட்டு ஓடிட்டியே சாமி! அம்மணமா ஒரு பொம்பளைய எங்காட்டுல நிக்க வெச்சா நாலு பேரு என்னைய என்ன நெனப்பாங்க?"

அதிகாரி பொம்மையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் பொம்மையைப் பார்த்தார். காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஏம்மா, இது எப்பவும் பூட்டியே கிடக்கும்னு எங்களுக்குச் சொன்னாங்களே?"

"இல்லீங்க சார்."

"பூட்டு எங்க? காட்டுங்க."

அப்போதுதான் கதவைப் பார்த்தேன். பூட்டைக் காணோம். ராஜம்மா அக்காதான் பதில் சொன்னார்.

"அதுங்களா? புள்ளைக்கு நகை வெச்ச பொட்டிக்குப் பூட்டு இல்லீங்க. நான்தான் சாவியோட எடுத்துட்டுப் போனனுங்க."

அந்த மனிதர் சிரிக்கத் தொடங்கினார். பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "பூட்டே இல்லாத கட்டடத்தைப் பூட்டிக் கெடக்குன்னு நான் எப்படிம்மா சொல்றது?" என்றார். கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் மலை இறங்கினார். கிளம்பும்போது ஜீப்பிலிருந்து தலையை நீட்டி, "இங்க எல்லாம் நல்லாத்தான் இருக்கு. அந்தப் பொம்மையை மட்டும் எடுத்துருங்க" என்றார். எந்தப் பொம்மையை என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மையம் எங்களிடமே இருக்கிறது. பூட்டு மட்டும் இன்றுவரை திரும்பவில்லை. அண்டா நிறைய ராகியும், முறம் நிறைய லட்டும் வந்தன. ரோஜா நிறத்துக்காரி மாரிமுத்து மாமாவின் சாமைக்காட்டிலேயே நிரந்தரமாகிவிட்டாள். வீட்டில் என் பிள்ளைகளுக்குத் தலை வாரும்போதோ, ஊசி போடும்போதோ அசையாமல் நிற்க வைக்க வேண்டுமென்றால், என் கணவர், "ஆபீசர் வந்துட்டாரு!" என்பார். பிள்ளைகள் மூவரும் என்னைப் பார்த்து மூஞ்சியைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு விறைத்து நிற்பார்கள்.

நடுப்பெட்டிக்குக் கண்ணாடி வந்து சேர்ந்துவிட்டது. ஆனால் உள்ளே எதையும் வைக்க ஊர் சம்மதிக்கவில்லை. அட்டையையும் கிழிக்க விடவில்லை. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் 'தானியம் புடைக்கும் மலைவாழ் பெண்' என்று படித்துவிட்டு, காலிப் பெட்டிக்குள் எட்டி எட்டிப் பார்ப்பார்கள். எங்கே அந்தப் பெண் என்று யாராவது கேட்டால், ராஜம்மா அக்கா, பக்கத்தில் மனு எழுதிக்கொண்டிருக்கும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பதில் சொல்வார்.

"இத்தன நேரம் இங்கதானுங்க நின்னா. அவளுக்கு ஒரு எடத்துல கால் நிக்காதுங்க."