மொதலாளியின் அட்டெண்டன்ஸ்

அன்றைக்குப் பிரின்சிபால் அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். பிரின்சிபால், வருகைப் பதிவேட்டோடு எங்கள் வகுப்பு டீச்சர், பத்து நாள் வருகை குறைந்த குற்றத்துக்காக நான், எனக்குக் கார்டியனாக மொதலாளி. வந்திருக்க வேண்டியவர் என் அம்மா. அவர் வரவில்லை. நான் சொல்லவே இல்லை.

கார்டியனுக்கு என்னைவிட இரண்டே மாதம்தான் வயது கூடுதல். அதே பி.காம். கடைசி வருடம், அதே பெஞ்சு. கேரள எல்லையில் இருக்கும் முதலமடை மாந்தோப்புகளிலிருந்து இதுவரை கல்லூரிக்குப் போனவர்களில், எல்லாவற்றுக்கும் வந்து படிக்க மட்டும் வராதவன் அவன் ஒருவன்தான். அவன் அப்பா மாட்டுத் தரகர். மகன் தோளில் எப்போதும் ஒரு துண்டு கிடக்கும். முதல் வருடமே அவன் சொந்தப் பெயர் எங்களுக்கு மறந்துபோய் 'மொதலாளி' நிலைத்துவிட்டது.

"வியாபாரம் பண்றவனுக்குக் காலேஜ் எதுக்குடா?" என்பான்.

"அப்புறம் நீ எதுக்கு வந்தே?"

"இங்க அறுநூறு பேர் படிக்கறாங்க. அறுநூறு பேருக்கும் ஊடு இருக்குது. ஊட்டுக்கு ஊடு மாம்பழம் திம்பாங்கல்ல?"

சீசனில் பைக்கின் பின்னால் பெட்டி கட்டிக்கொண்டு வருவான். லைப்ரரியன் முதல் வாட்ச்மேன் வரை யாரும் தப்பியதில்லை. விலை ஏறினால் வாங்குவது குறையும் என்று டீச்சர் பாடம் நடத்தியபோது எழுந்து நின்றான்.

"ஏனுங் டீச்சர், சீசன் தொடக்கத்துல கிலோ எரநூறுன்னேன், மூணு கிலோ வாங்குனீங்க. ஏப்ரல்ல அம்பதுன்னேன், வேண்டாம்னுட்டீங்களே?"

டீச்சர் கரும்பலகையில் வரைந்திருந்த கோட்டை அழித்துவிட்டார்.

தொழில்முனைவு என்று ஒரு பாடம் இருந்தது. 'நல்ல தொழில்முனைவோரின் பண்புகளை விவரி' என்ற கேள்விக்குப் பத்து மதிப்பெண். மொதலாளி இரண்டு வாங்கினான். அப்போது அவனிடம் ஏழு பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். எலுமிச்சம்பழம்கூட விற்றறியாத நான் ஒன்பது வாங்கினேன்.

"ஒம்பதையும் நீயே வெச்சுக்க. நாளைக்குப் பெட்டிக்குப் பேர் எழுத ஆள் வேணும், வா" என்றான்.

மரம் பூவிலிருக்கும்போதே ஒரு தோப்பைக் குத்தகைக்குப் பிடித்திருந்தான். அவன் பேரம் பேசுவதைப் பார்ப்பதற்காகவே போனேன். அப்படிப் போய்ப் போய்த்தான் பத்து நாள் போனது.

பத்து நாள் வரை குறைந்தால் ஐந்நூறு ரூபாய் அபராதம் கட்டி, பெற்றோர் கையொப்பமிட்டால் பரீட்சை எழுதலாம். மொதலாளிக்கோ அறுபது நாள் குறைவு. அவன் கதை முடிந்துவிட்டது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அன்று விட்டால் எனக்கும் டிகிரி இல்லை.

"லீவுக்குக் காரணம்?" என்றார் பிரின்சிபால்.

"நாந்தானுங்க சார். என்ற பேரையே எழுதிக்குங்க" என்றான் மொதலாளி. "இன்னொன்னுங்க. நான் வந்த நாளையெல்லாம் இவன் பேருக்கு மாத்தி உட்ருங்க. எனக்கு இனி அது ஆகாதுங்க."

அவன் விளையாடவில்லை. தோப்பு வேலையில் அக்கா பறித்த நாளைத் தங்கச்சி பேரில் எழுதிக்கொள்வது வழக்கம். கல்லூரியிலும் இருப்பது ஒரு நோட்டுத்தானே என்று முழுதாக நம்பினான்.

"அதொன்னும் பற்றில்லடோ" என்று, அதெல்லாம் முடியாதென மலையாளத்தில் சொல்லிப் பிரின்சிபால் தலையாட்டினார்.

உடனே மொதலாளி துண்டை உதறி அவர் வலது கைமேல் போட்டு, உள்ளே தன் கையை விட்டான். மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார்கள். பிரின்சிபாலின் மூன்று விரல்கள் அகப்பட்டன. அவர் டீச்சரைத் திகிலோடு பார்த்தார்.

"ஃபைனை முந்நூறாக்கச் சொல்றான் சார்" என்றார் டீச்சர், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"ஐந்நூறு! ஒரு பைசா குறையாது. நாலு மணிக்குள்ள இவன்டெ அம்மா வரணும்!"

மொதலாளி பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தான். மூன்றே முக்காலுக்கு அம்மாவோடு வந்து நின்றான். மலையடிவாரத்தில் வேறு யாருடைய தோப்பிலோ மாங்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவர், கையில் பால் பிசினோடு அப்படியே வந்திருந்தார்.

"ஏனுங் சாமி, பையன் யாரையாச்சும் அடிச்சுப் போட்டானுங்களா?"

"இல்லம்மா. கிளாசுக்கு வரலை."

அம்மா என் பக்கம் திரும்பினார். "தெனமும் சோறு கட்டிக் குடுத்தனே, அதை எங்க போய்த் தின்னே?"

"என்ற தோப்புலதானுங்கம்மா" என்றான் மொதலாளி. "பாதியை நாந்தான் தின்னேன்."

பிரின்சிபால் சிரித்துவிட்டார். அம்மா கைநாட்டு வைத்தார். மொதலாளி ஐந்நூறைக் கட்டிவிட்டு, அதோடு கல்லூரியை விட்டுப் போனான்.

நான் பரீட்சை எழுதித் தேறினேன். பாலக்காட்டில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் இருக்கிறேன். தொழில் தொடங்கப்போகும் பையன்கள், "காலேஜ் வேணுமாண்ணா?" என்று என்னைக் கேட்கிறார்கள். மொதலாளியைக் கேட்டால் வேண்டாம் என்பான். அடுத்த மூச்சில், "ஆனா என்ற கஸ்டமர்ல பாதி அங்க புடிச்சவங்கதான்" என்பான். அவன் இல்லாவிட்டால் எனக்கு ஒரு நாளும் குறைந்திருக்காது. குறைந்த பிறகு அவனைத் தவிர எனக்காக ஓடுவதற்கு யாரும் இருந்திருக்கவும் மாட்டார்கள்.

போன மாதம் அவனுடைய பழைய லாரி டிரைவரைப் பார்த்தேன். மொதலாளி பிரின்சிபால் அறையில் நின்ற அன்று நண்பகலில் வடக்கே கிளம்பியிருக்க வேண்டிய முதல் லோடு, மொதலாளி வந்து எடை பார்க்கட்டும் என்று பொழுது சாயும்வரை வெயிலில் நின்றதாம். போய்ச் சேர்ந்தபோது பாதி அழுகிவிட்டதாம். எங்களிடம் அவன் சொன்னது, "வெலை எறங்கிப் போச்சு" என்பது மட்டும்தான்.

அபராதம் ஐந்நூறு. லோடில் நட்டம் முப்பத்தெட்டாயிரம் என்றார் டிரைவர். ஆக, என் டிகிரிக்காக மொதலாளிக்கு ஆனது முப்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்.